மலிவின் அழகியல்

டூரிஸ்ட் வேறு, பிரயாணி வேறு என்றொரு பேதம் நம் வட்டத்தில் வேதவாக்காகிவிட்டது. டூரிஸ்ட் பணத்தைச் செலவழிக்கிறான், பிரயாணி தன்னையே செலவழிக்கிறான். டூரிஸ்ட் பார்க்கிறான், பிரயாணி அனுபவிக்கிறான். ஆகவே முன்னவன் எழுதினால் விளம்பரம், பின்னவன் எழுதினால் இலக்கியம். கையில் குறைந்த பணம், நீண்ட தரைவழி, மோசமான பஸ், மட்டமான படுக்கை, மலை உயரம் தரும் தலைவலி எல்லாம் சேர்ந்தால் அனுபவம் சித்தித்துவிடும். அனுபவம் சித்தித்தால் எழுத்து தானே பின்தொடரும். இதுதான் சூத்திரம். இந்தச் சூத்திரம் தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறேன். தவறு என்ற சொல்கூட மரியாதைக்காகத்தான். கணக்கு மோசடி என்று சொல்வதே பொருத்தம்.

உதாரணத்துக்குப் பொலிவியாவை எடுத்துக்கொள்கிறேன். இவ்வகை எழுத்துக்கு அது ஒரு க்ஷேத்திரம். 1879-ல் தொடங்கிய யுத்தத்தில் தன் கடற்கரையைச் சிலியிடம் பறிகொடுத்த நாடு. மேற்கே ஆண்டீஸ் மலைத்தொடர்கள், அவற்றுக்கு நடுவே சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் மரமற்ற மேட்டுநிலம். தென்னமெரிக்காவின் மிக ஏழ்மையான நாடுகளில் ஒன்று. எனவே மிக மலிவான நாடுகளில் ஒன்று. இந்த 'எனவே'யைத்தான் பிரயாண எழுத்து உச்சரிப்பதே இல்லை. ஏழ்மையை ஒரு பக்கத்தில் எழுதிக் கண் கலங்கும். மலிவை இன்னொரு பக்கத்தில் எழுதிச் சந்தோஷப்படும். இரண்டும் ஒரே சமாச்சாரம் என்பது அதற்குத் தெரியாது, அல்லது தெரியாதது போல் இருக்கும்.

வாசித்துப் பழகியவர்களுக்கு நான்கு ஸ்தலங்களும் மனப்பாடம். லா பாஸ் நகரத்தின் தெருவும் சந்தையும். அங்கிருந்து யுங்காஸ் பள்ளத்தாக்குக்குச் சைக்கிளில் இறங்கும் 'மரணச் சாலை'. பொடோஸியில் சுரங்கத்துக்குள் தவழ்ந்து போவது. கடைசியாக உயூனி உப்புப் பரப்பில் மூன்று நாள் ஜீப். நம் ஸ்தல புராணக்காரர்கள்கூட இவ்வளவு ஒழுங்காக வரிசை பிசகாமல் பாடியதில்லை. வழி தவறுவதுதான் தங்கள் தர்மம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் அத்தனை பேரும் ஒரே வழியில் போய் ஒரே இடத்தில் தவறுகிறார்கள்.

இது நேற்று முளைத்த வகையுமல்ல. ஹாரி ஃப்ராங்க் என்ற அமெரிக்கர் பனாமாவிலிருந்து ப்யூனஸ் அயர்ஸ் வரை பெரும்பாலும் நடந்தே போய், 'வேகபாண்டிங் டௌன் தி ஆண்டீஸ்' என்ற தடித்த புத்தகத்தை 1917-ல் வெளியிட்டார். நாடோடித்தனம் அப்போதே தலைப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டது. 1980-ல் 'சௌத் அமெரிக்கா ஆன் எ ஷூஸ்ட்ரிங்' என்ற வழிகாட்டி வந்தது. ஷூ கட்டும் கயிறளவே காசு என்பது அந்தத் தலைப்பின் பொருள். லா பாஸ் தெருக்களில் அதே ஷூவுக்குப் பாலிஷ் போட்டுப் பிழைப்பவர்கள், கண் மட்டும் தெரியும்படி குல்லாயை முகம் முழுக்க இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் செய்யும் தொழிலுக்கு ஊரில் இருக்கும் கேவலம் அப்படி. கூடப் படிக்கிறவன் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று மூடிக்கொள்ளும் மாணவர்களும் அதில் உண்டு. அவர்களுக்கென்று 'ஓர்மிகோன் ஆர்மாதோ' என்று ஒரு பத்திரிகைகூட இருக்கிறது, அவர்களே தெருவில் விற்கிறார்கள். பிரயாணக் குறிப்பில் இவர்கள் எப்படி வருகிறார்கள்? மர்மமான முகமூடி மனிதர்களாக, ஒரு புகைப்படமாக. கயிறைப் பற்றிப் பெருமை பேசிய எழுத்துக்கு, ஷூவைத் தொட்டதற்காக முகத்தை மறைத்தவனிடம் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

நான் பாங்கில் குமாஸ்தா. ஆங்கில இலக்கியம் படித்துவிட்டுப் பேரேட்டுக்கு வந்தவன். பேரேடு எனக்குக் கற்றுத் தந்தது ஒன்றே ஒன்று: பற்று இல்லாமல் வரவு இல்லை. ஒற்றைப் பதிவோடு நிற்கும் கணக்கை எந்த ஆடிட்டரும் ஏற்க மாட்டார். மலிவு என்பது ஒற்றைப் பதிவு. ஒரு பண்டம் தனக்குத்தானே மலிவாக இருக்க முடியாது. ஒருவருடைய சம்பளத்துக்கும் இன்னொருவருடைய சம்பளத்துக்கும் நடுவில் இருக்கும் தூரத்துக்குத்தான் மலிவு என்று பெயர். பதினைந்து மணி நேர பஸ் டிக்கெட் ஒரு காப்பி விலைக்குக் கிடைத்தது என்று ஒருவர் எழுதினால், அவர் பஸ்ஸைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தன் ஊரில் காப்பி என்ன விலை, பஸ் டிரைவருக்கு இந்த ஊரில் என்ன கூலி என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, முதலாவதை மட்டும் நமக்குக் காட்டுகிறார்.

பொலிவிய நாணயத்தின் சரித்திரத்தைப் பாருங்கள். 1985 ஆகஸ்டோடு முடிந்த பன்னிரண்டு மாதங்களில் அங்கே விலைவாசி 20,000 சதவீதத்துக்கு மேல் ஏறியது. 1987 ஜனவரியில் பழைய பெஸோ பத்து லட்சத்துக்கு ஒரு பொலிவியானோ என்று புது நாணயம் வந்தது. பாஸ்புக்கில் கடைசி ஆறு இலக்கங்களை அடித்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று என் கவுண்டருக்கு எதிரே நிற்கும் எந்தப் பென்ஷன்காரரும் சொல்லிவிடுவார். பிறகு 2011-லிருந்து பல வருஷம் ஒரு டாலருக்கு 6.96 பொலிவியானோ என்று அரசு விகிதம் அசையாமல் நின்றது. 2023-ல் நாட்டின் டாலர் கையிருப்பு வற்றத் தொடங்கியது. 2025-ன் மத்தியில் தெருவில் டாலர் விலை அரசு விகிதத்தைப் போல இருமடங்கைத் தாண்டிவிட்டது. டீசலுக்கு லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நின்றன. அரிசியும் சமையல் எண்ணெயும் எட்டாத விலைக்குப் போயின. அதே மாதங்களில் பிரயாணிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட யோசனை என்ன? டாலரை நோட்டாகக் கொண்டு போ, தெருவில் மாற்று, நாடே பாதி விலைக்குக் கிடைக்கும். ஒரு ஜனத்தின் சேமிப்பு பாதியாகக் கரைந்ததற்குப் பிரயாண இலக்கியத்தின் பாஷையில் 'சரியான சீஸன்' என்று பெயர்.

இனி மரணச் சாலை. லா கும்ப்ரே கணவாயில் சுமார் 4,650 மீட்டரில் தொடங்கி, சுமார் 1,200 மீட்டருக்கு இறங்கும் பாதை. பல இடங்களில் அகலம் மூன்று மீட்டர் சொச்சம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. 1930-களில் பராகுவேயுடன் நடந்த சாக்கோ யுத்தத்தில் பிடிபட்ட கைதிகளைக் கொண்டு வெட்டிய பாதை அது. நாடு முழுவதும் வண்டிகள் வலப்புறம் போக, இந்தச் சாலையில் மட்டும் இடப்புறம் போக வேண்டும். வெளிச்சக்கரம் விளிம்பில் எங்கே உருள்கிறது என்று இடப்புறம் உட்கார்ந்திருக்கும் டிரைவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பதற்காக. 1983 ஜூலை 24-ந் தேதி ஒரு பஸ் கீழே போனது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களில் ஒருவரும் சாகஸத்துக்காக ஏறியவர்களல்ல. சந்தைக்குப் போக அந்த வழியை விட்டால் வேறு வழியில்லை. உலகத்திலேயே அபாயகரமான சாலை என்று 1995-ல் அமெரிக்கக் கண்டங்களுக்கான வளர்ச்சி வங்கி அதற்குப் பட்டம் சூட்டியது. பட்டம் வந்த பிறகுதான் சைக்கிள்கள் வந்தன. 2006 வாக்கில் மாற்றுச் சாலை திறக்கப்பட்டு, லாரிகளும் பஸ்களும் அந்தப் பக்கம் போய்விட, பழைய சாலை பெரும்பாலும் சைக்கிள் பிரயாணிகளுக்கே ஆகிவிட்டது. இப்போது காலையில் வேன் மேலே கொண்டுபோய் இறக்கும். சைக்கிளும் ஹெல்மெட்டும் தரும். கீழே வந்து சேர்ந்ததும் 'பிழைத்து வந்தேன்' என்று ஒரு பனியன் கொடுப்பார்கள்.

சைக்கிள் ஓட்டுகிறவர்களும் விழுகிறார்கள், செத்தும் இருக்கிறார்கள்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு அபாயத்துக்குள் பிறப்பதும், விலை கொடுத்து அரை நாளைக்கு அதை வாடகைக்கு எடுப்பதும் ஒரே வகை அனுபவமல்ல. இரண்டாவதற்கும் ஒரு எழுத்து இருக்கலாம். அது வாடகையைப் பற்றிய எழுத்தாக இருக்க வேண்டும். முதலாவதன் குரலில் அது பேசத் தொடங்கும்போதுதான் எனக்குக் குமட்டுகிறது.

பொடோஸிக்கு வருவோம். நாலாயிரம் மீட்டருக்கு மேலே ஒரு நகரம், அதன் தலைக்கு மேல் செர்ரோ ரிக்கோ என்ற கூம்பு மலை. 1545-ல் அங்கே வெள்ளி கண்டுபிடித்தார்கள். 1570-களில் ஸ்பானிய வைஸ்ராய் தோலெதோ கொண்டுவந்த 'மிதா' என்ற கட்டாய உழைப்பு முறையில், சுற்றியிருந்த மாகாணங்களின் இந்தியக் குடிகளில் வயது வந்த ஆண்களில் ஏழில் ஒருவர் வருஷந்தோறும் முறை வைத்து வர வேண்டும். இருநூறு வருஷத்துக்கு மேல் இது நடந்தது. அந்த வெள்ளி ஸெவில்லுக்குப் போயிற்று, அங்கிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கும் லண்டனுக்கும், அங்கிருந்து கம்பெனிக் கப்பல்களில் சூரத்துக்கும். அயல் நாணயம் மொகலாய ராஜ்யத்தில் செல்லாது. உருக்கி ரூபாயாக அடித்தார்கள். ரூபாய் என்ற சொல்லே வெள்ளியிலிருந்து வந்தது. நான் தினமும் எண்ணும் காகிதத்தின் பெயருக்குள் அந்த மலையின் தூசி கொஞ்சம் இருக்கிறது என்பது எனக்கு உருவகமல்ல, வியாபாரச் சரித்திரம்.

1985-ல் வெள்ளீய விலை சரிந்தது. அந்த ஆகஸ்டில் பிறந்த 21060-ம் எண் ஆணையைத் தொடர்ந்து, அரசுச் சுரங்க நிறுவனத்திலிருந்து இருபதாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். சிலர் கோகா பயிரிடக் கீழ்நிலங்களுக்குப் போனார்கள், சிலர் லா பாஸுக்கு மேலே எல் ஆல்டோவில் குடியேறினார்கள், சிலர் கூட்டுறவுக் குழுக்களாகச் சேர்ந்து அதே மலையைச் சுரண்டினார்கள். நுரையீரலில் சிலிக்காத் தூசி படிந்து இளவயதில் சாவது அங்கே இன்றும் தொழிலின் பகுதி. இந்தச் சுரங்கத்துக்குள் பிரயாணிகளை அழைத்துப் போகிறார்கள். போகும் வழியில் சுரங்கக்காரர்களின் சந்தையில் கோகா இலை, சிகரெட், 96 சதவீதச் சாராயம், டைனமைட் எல்லாம் வாங்கி அன்பளிப்பாக எடுத்துப் போக வேண்டும். உள்ளே எல் தியோ என்ற கொம்பு வைத்த தெய்வம் வாயில் சிகரெட்டோடு உட்கார்ந்திருக்கிறது. இரண்டு மணி நேரம் மூச்சுத் திணறிவிட்டு வெளியே வந்து 'நரகத்தைக் கண்டேன்' என்று எழுதுகிறார்கள். எல்லோரும் அதே சொல்லைத்தான் எழுதுகிறார்கள். நரகம் என்றவுடன் கேள்வி நின்றுவிடுகிறது. நரகத்தில் கூலி விகிதம் என்ன என்று யார் கேட்பார்கள்? ஒரு வண்டி தாதுக்கு என்ன கிடைக்கிறது, யார் வாங்குகிறார்கள், தகரமும் துத்தநாகமும் எந்த ஊரில் விலை பேசப்படுகின்றன என்ற விவரங்கள் இருந்தால் அது நரகமாக இருக்காது, வேலை செய்யும் இடமாகத் தெரியும். அதனால்தான் நரகம் வசதியாக இருக்கிறது.

நான்காவது ஸ்தலம் உயூனி. பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் வெள்ளை உப்பு. அதற்கடியில் இருக்கும் உப்புநீரில், உலகின் மிகப் பெரிய லித்தியக் கையிருப்புகளில் ஒன்று. பக்கத்திலேயே, தாதுப்பொருளைப் பசிபிக் துறைமுகத்துக்கு ஏற்றிப் போய், பின்பு கைவிடப்பட்ட நீராவி எஞ்சின்கள் துருப்பிடித்து நிற்கின்றன. இந்த உப்புப் பரப்பில் ஒரு விளையாட்டு உண்டு. தூரத்தை அளக்க மரமோ வீடோ எதுவுமில்லாததால் கண் ஏமாறும். காமிராவுக்கு அருகில் ஒருவர் கையை நீட்ட, தள்ளி நிற்கும் இன்னொருவர் அந்த உள்ளங்கைமேல் பொம்மையாக நிற்பது போல் படம் வரும். போகிற ஒவ்வொருவரும் இந்தப் படத்தை எடுக்கிறார்கள். இவ்வகை எழுத்து முழுவதற்கும் இதுவே உருவக் கோட்பாடு என்பேன். இடையில் இருக்கும் தூரத்தை அழித்துவிட்டால் போதும். எழுதுகிறவர் மலையளவு பெரியவராகவும், ஜீப் ஓட்டுகிற, சமைத்துப் போடுகிற, டயர் மாற்றுகிற மனிதர் உள்ளங்கையில் நிற்கும் பொம்மையாகவும் ஆகிவிடுவார்கள்.

பொலிவியாவை மிதித்தறியாதவன் இதைப் பேசலாமா என்று கேட்பார்கள். நான் பேசுவது பொலிவியாவைப் பற்றிய வசனத்தைப் பற்றி. அது என் மேஜைமேல் இருக்கிறது. பிரயாணிகள் போவதால் அந்த ஏழை ஜனத்துக்கு நாலு காசு கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கட்டும். பொடோஸியில் வழிகாட்டிகளாக இருப்பவர்களில் பழைய சுரங்கத் தொழிலாளிகள் உண்டு. தூசி தின்பதைவிட அது எவ்வளவோ மேல். போகாதே என்று நான் யாரையும் தடுக்கவில்லை. வாங்கியதைச் சம்பாதித்ததாக எழுதாதே என்கிறேன்.

குவேரா போகவில்லையா என்பார்கள். போனார். 1952-ல் கையில் காசில்லாமல், நண்பரோடு, கொஞ்ச தூரம் மோட்டார் சைக்கிளிலும் அது செத்த பிறகு லாரிகளிலும். சிலியில் சுக்கிகமாட்டா தாமிரச் சுரங்கத்துக்குப் போகும் வழியில் ஒரு கம்யூனிஸ்ட் தொழிலாளியையும் அவன் மனைவியையும் சந்தித்தார். அவன் சிறையிலிருந்து வந்தவன், வேலை தேடிப் போகிறான். பாலைவனக் குளிருக்கு அவர்களிடம் ஒரு கம்பளிகூட இல்லை. தங்களிடமிருந்ததில் ஒன்றை இவர்கள் கொடுத்தார்கள். அவர் குறிப்பில் அந்த இரவு நிற்கிறதென்றால், குளிரை யார் தேர்ந்தெடுத்தார்கள், யார்மேல் அது சுமத்தப்பட்டது என்ற வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருந்ததால்தான். பின்னால் வந்தவர்கள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டார்கள். கம்பளியை அங்கேயே விட்டுவிட்டார்கள். 1967 அக்டோபரில் அவர் கொல்லப்பட்ட லா ஹிகெராவும் இன்று சுற்றுலாப் பாதையில் ஒரு நிறுத்தம்.

சரி, அனுபவ எழுத்து என்று எதைத்தான் ஒப்புக்கொள்வாய் என்று கேட்டால், அதே நாட்டிலிருந்தே ஒரு புத்தகத்தைக் காட்டுகிறேன். டோமிடிலா பாரியோஸ் தெ சுங்காரா என்ற பெண்மணி, ஸிக்லோ வெய்ன்தே என்ற வெள்ளீயச் சுரங்கத்தில் ஒரு தொழிலாளியின் மனைவி. 1975-ல் மெக்ஸிகோவில் நடந்த உலகப் பெண்கள் ஆண்டுக் கூட்டத்துக்கு வந்து பேசினார். அவர் சொல்லச் சொல்ல, மோயெமா வீய்ஸெர் என்ற பிரேசில்காரர் தொகுத்த புத்தகம் 1977-ல் வெளிவந்தது. 'லெட் மீ ஸ்பீக்' என்று 1978-ல் ஆங்கிலத்தில் வந்தது. அவருடைய நாள் காலை நாலு மணிக்குத் தொடங்குகிறது. ஸால்தேன்யா என்ற, உள்ளே இறைச்சி வைத்த பலகாரத்தைச் செய்து தெருவில் விற்றால்தான் கணவன் சம்பளத்தின் குறை தீரும். கம்பெனிக் கடையில் வரிசை, துணி, பிள்ளைகள், கூட்டம். கணவன் போய்விட்டால் கம்பெனி கொடுத்த வீட்டையும் விட்டுப் போக வேண்டும். ஓரிடத்தில் அவர் ஒரு பட்டியல் போடுகிறார்: துணி வெளுக்க வெளியில் கொடுத்தால் என்ன கூலி, சமையலுக்கு ஆள் வைத்தால் என்ன, பிள்ளை பார்க்க என்ன. கூட்டிப் பார்த்தால், சுரங்கத்தில் ஆண் மாதம் முழுவதும் வாங்குவதைவிட வீட்டில் பெண் வாங்காத சம்பளம் ஜாஸ்தி.

அந்தப் பட்டியலில் ஒரு விசேஷணம் கிடையாது. சூரியோதயம் கிடையாது. தன்னைக் கண்டடைந்தேன் என்ற பிலாக்கணம் கிடையாது. என்றாலும் ஆண்டீஸ் மலையைப் பற்றி நான் படித்தவற்றில் இதைவிடப் பயங்கரமான வசனம் இல்லை. இரண்டு பக்கப் பதிவும் அங்கே இருக்கிறது என்பதே காரணம். அவர் எங்கும் பிரயாணம் கிளம்பிப் போய் அனுபவத்தைத் தேடவில்லை; அனுபவம் அவர் வீட்டு வாசலில் நாலு மணிக்கே வந்து நின்றது. 1977 டிசம்பர் கடைசியில் சுரங்கத் தொழிலாளிகளின் மனைவிகள் நாலு பேர் பிள்ளைகளோடு லா பாஸில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். டோமிடிலாவும் சேர்ந்தார். ஆயிரக்கணக்கானவர்கள் பின்தொடர, பான்ஸெரின் ராணுவ அரசு அடுத்த மாதமே பொதுமன்னிப்புக்கு இணங்கியது. உட்கார்ந்த இடத்தில் நடந்த காரியம் இது.

இதை நம்மை உத்தேசித்தே சொல்கிறேன். இந்தப் பத்திரிகையை நடத்துகிறவர்களும் வாசிக்கிறவர்களும் பெரும்பாலும் குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், தபால் ஆபீஸ்காரர்கள். லீவு எண்ணி வாழ்கிறவர்கள். 'நமக்கு அனுபவம் போதாது, எங்காவது மலை ஏறினால்தான் எழுத்தில் ரத்தம் ஊறும்' என்றொரு தாழ்மை நம்மிடையே பரவியிருக்கிறது. கவிதைக்காரர்கள் இருவர் பேசிக்கொண்டால் மூன்றாவது வாக்கியத்தில் இந்தப் புலம்பல் வந்துவிடுகிறது. அனுபவத்தைக் கிலோமீட்டரில் அளக்கும் இந்தப் பழக்கம்தான் அந்தப் பொய் வசனத்துக்கு நம் பக்கங்களில் பாய் விரித்துக் கொடுக்கிறது. உட்கார்ந்திருப்பவனுக்கு அனுபவம் இல்லாமல் இல்லை. அதைக் கணக்கெழுதும் துணிச்சல்தான் இல்லை.

இனி இப்படியொரு கட்டுரை நம் ஆசிரியர் குழுவுக்கு வந்தால் மூன்று கேள்வி கேட்கும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்களைக் கொண்டுபோன டிரைவருக்கு அன்றைக்கு என்ன கூலி? நீங்கள் மாற்றிய டாலருக்கு அந்த வாரம் உள்ளூரில் எத்தனை படி அரிசி வரும்? நீங்கள் பட்ட கஷ்டத்தை நிறுத்த வேண்டும் என்று தோன்றியபோது உங்களால் நிறுத்த முடிந்ததா? பதில்கள் கட்டுரைக்குள் இருந்தால் அச்சிடுங்கள். எவ்வளவு கரடுமுரடான தமிழாக இருந்தாலும் முதல் பக்கத்திலேயே போடுங்கள். இல்லையென்றால் தபால்தலை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுங்கள். அந்தத் தபால் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.